நல்லம்மாளின் மாத்திரை விரதம்

அந்த மாத்திரையை முதன்முதலில் பார்த்தபோது நல்லம்மாளுக்கு மரியாதை வரவில்லை. ஏமாற்றம்தான் வந்தது. ஒரு மார்பை எடுத்தாயிற்று. ஆறு தடவை மருந்து ஏற்றியாயிற்று. தலைமுடி மொத்தமாய்ப் போய், கேட்காமலேயே சுருட்டையாகத் திரும்பி வந்தாயிற்று. இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் பிறகு ஈப்போ ஆஸ்பத்திரியின் மருந்து கவுண்டரில் பாசிப்பயறு அளவுக்கு மஞ்சளாய் ஒன்றை நீட்டி, தினம் ஒன்று, ஐந்து வருஷம் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் காய்ச்சலுக்குக் கொடுத்த மாத்திரையே கட்டை விரல் பருமன் இருந்ததே.

டாக்டர் சின்ன வயது மலாய்ப் பெண். பொறுமைசாலி. மாதவிலக்கு நின்றபிறகு சினைப்பை கடையை மூடிவிடும், ஆனால் உடம்புக் கொழுப்பு அந்தப் பெண் ஹார்மோனைத் தன் பாட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தயாரித்துக்கொண்டே இருக்கும், மக்சிக்குக்கு, அதாவது இந்தப் பெரியம்மாவுக்கு, வந்த கட்டி அதைத் தின்று வளரும் வகை, இந்த மாத்திரை அந்தத் தயாரிப்பை நிறுத்தும், விட்டுவிட்டால் நோய் திரும்பி வரும் வாய்ப்பு கூடும் என்று மலாயில் விளக்கினார். படம் வரையக் காகிதத்தையும் எடுத்தார். தேவைப்படவில்லை. நல்லம்மாள் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் கள்ளுக்கடையை மூடிய பிறகுதான் லயத்துப் பின்கட்டுகளில் சம்சு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சும் தொழில் செழித்தது. அதைவிடவா ஒரு படம் வேண்டும்?

"கடைய மூடியாச்சுண்ணே, ஆனா கொல்லையில காய்ச்சுறானுங்க. மாத்திரைதான் போலீசு" என்று மறுநாள் கமருதீனிடம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"அந்தக் காலத்துப் போலீசா, இந்தக் காலத்துப் போலீசா?" என்று கேட்டார் கமருதீன். "ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குலா."

கமருதீன் சுங்கை சிப்புட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். பதினாறு வருஷமாக அவர் கடைக்குக் கறிபாப் மடிப்பவள் நல்லம்மாள். மாவைத் தட்டி, உருளைக்கிழங்கு மசாலாவை வைத்து, ஓரத்தைப் பின்னல் மாதிரி முறுக்கி மடிப்பாள். லோரிக்காரர்கள் காலை ஏழு மணிக்குள் வந்து பை பையாய் அள்ளிக்கொண்டு போவார்கள். அந்த ஓரப் பின்னல் பிரிந்தால் மசாலா எண்ணெயில் இறங்கும், எண்ணெய் கெடும், கமருதீன் கெடுவார். ஆகவே நல்லம்மாளின் பத்து விரல்களும் அந்தக் கடைக்குத் தூண் மாதிரி என்று அவரே சொல்வார். சம்பள உயர்வு கேட்கும்போது மட்டும் அந்தத் தூண்கள் அவர் கண்ணுக்குத் தெரியாது.

மாத்திரை தொடங்கிய மூன்றாம் மாதம் அந்தத் தூண்களில் பிடிப்பு வந்தது. காலையில் எழுந்தால் கை முஷ்டியாய் மூடாது. நடுவிரல் மடங்கினால் நிமிராது, நிமிர்ந்தால் 'டக்' என்று குடை விரிகிற சத்தம். வெந்நீரில் ஊறவைத்து, உருவிவிட்டு, ஆறு மணிக்குள் விரலைச் சம்மதிக்க வைப்பதே தனி வேலையாகிவிட்டது. பின்னல்கள் அகலமாயின. ஒரு லோரிக்காரர், "என்னக்கா, கறிபாப்புக்கு உதடு வீங்கிருச்சா?" என்று கேட்டார். சிரித்தாள். வேறென்ன செய்வது?

அடுத்த தவணையில் டாக்டர் வலி ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள் நல்லம்மாள். பாவம், வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அந்தப் பெண் காலையில் சாப்பிட்ட மாதிரியும் தெரியவில்லை. அவருக்கு ஏன் தொந்தரவு? இப்படி ஆஸ்பத்திரிக்கு உதவி செய்துவிட்டு, நடுவிரலை இன்னொரு கையால் நிமிர்த்திக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படியே உதவினாள்.

அந்த வருஷம் தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டிருந்தாள். ஒரு மண்டலம் விரதம். கறி மீன் இல்லை, முட்டை இல்லை, பாயில் படுக்கை. இதோடு நிறுத்தியிருந்தால் கதையே இல்லை. நாத்தனார் பிரமிளா வந்தாள்.

பிரமிளா படித்தது ஆறாம் வகுப்பு, பட்டம் பெற்றது வாட்சாப்பில். தாமான் குடியிருப்பில் எந்த வியாதிக்கும் டாக்டருக்கு முன்னால் அவள் போய் நிற்பாள்.

"அண்ணி, விரதத்துல மாத்திரை போடுறீங்களா?"

"ஏன், போடக்கூடாதா?"

"மேல பளபளன்னு பூசியிருக்கே, அது மாட்டெலும்புலேருந்து எடுக்கிறதாம். இங்க பாருங்க, வந்திருக்கு."

கைப்பேசியில் ஒரு மாடு, ஒரு எலும்பு, ஒரு மாத்திரை, மூன்றுக்கும் நடுவே சிவப்பு அம்புக்குறிகள். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் அப்படி எதுவும் இல்லை என்பதை நல்லம்மாள் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவும் இல்லை. பதினோரு மாதமாய் விரல் வலித்தவளுக்கு அந்த மாடு தெய்வமாக வந்து நின்றது. கறியை விட்டாள், மீனை விட்டாள், கூடவே மாத்திரையையும் விட்டாள்.

கமருதீன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"டாக்டர்கிட்ட கேட்டியா தங்கச்சி?"

"சாமி விசயத்த டாக்டர்கிட்ட கேப்பாங்களாண்ணே?"

"நான் முப்பது நாள் நோன்பு பிடிக்கிறேன். சக்கரை மாத்திரைய விட்டுட்டனா? முன்னாடியே போயி கேட்டு, விடியமுன்ன சஹர் சாப்பாட்டுக்கு ஒன்னு, நோன்பு தொறக்க ஒன்னுன்னு நேரத்தத்தான் மாத்திக்கிறேன். அல்லாவுக்கு என் சக்கரை தெரியாதா?"

"உங்க ஆளு மாத்திரைக்கு ஓக்கே சொல்லிட்டாரு. எங்க ஆளு சுத்த சைவம்."

"உங்க ஆளு ஓக்கே சொல்லலன்னு உங்கிட்ட சொன்னது யாரு? பிரமிளாதானே?" என்றார் கமருதீன். நல்லம்மாள் மாவைக் கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

மூன்றாம் வாரம் விரல்கள் இளகின. ஐந்தாம் வாரம் கை முஷ்டியாய் மூடியது. நடுவிரல் சத்தமில்லாமல் நிமிர்ந்தது. கறிபாப் ஓரங்கள் பழையபடி நெருக்கமாய்ப் பின்னிக்கொண்டன. தைப்பூசத்தன்று பால்குடத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினாள். பார்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். பிரமிளா வீடியோ எடுத்தாள்.

அந்த வீடியோவில் நல்லம்மாளின் கை மூடும், திறக்கும், மூடும், திறக்கும். பின்னால் சங்கு ஊதும். 'டாக்டர்கள் கைவிட்ட கை, முருகன் திறந்த கை' என்று எழுத்து ஓடும். எந்த டாக்டரும் அந்தக் கையைப் பார்க்கவேயில்லை, கைவிடுவதற்கு. அதனால் என்ன? வீடியோ தூரத்துப் பீடோர் ஊர் வரைக்கும் போய்விட்டது. தாமானில் ஆட்கள் வீடு தேடி வந்தார்கள். "கொஞ்சம் மடக்கிக் காட்டுங்கக்கா" என்பார்கள். காட்டுவாள். "தொறங்க." திறப்பாள். ஒருவர் லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டார். அவள் கொடுக்கவில்லை. அவர் அவள் வீட்டுக் கதவு எண்ணையே எழுதிக்கொண்டு போனார்.

விரதம் முடிந்தது. மறுநாளே ஆட்டுக்கறி சமைத்தாள். மாத்திரை மட்டும் தட்டுக்குத் திரும்பவில்லை. நாளைக்கு என்றாள். அடுத்த நாளும் நாளைக்கே என்றாள். வலி எதோடு வந்தது, எதோடு போனது என்பது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். குளிக்கும்போது தழும்பின் மேல் கை போகும், அங்கிருந்து அடுத்த பக்கத்துக்குப் போகும், ஏதாவது தட்டுப்படுகிறதா என்று அழுத்திப் பார்க்கும். விரல்கள் இப்போது நன்றாக வேலை செய்ததால் அந்த வேலையையும் நன்றாகவே செய்தன. ஒன்றும் தட்டுப்படவில்லை. இருந்தும் குளியலறையை விட்டு வெளியே வரத் தினம் நேரம் கூடிக்கொண்டே போனது.

மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை, தாமான் கோயிலில் அன்னதானம். தோட்டத்தை விற்றபோது சனங்களோடு சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வந்த கோயில் அது. தலைவர் சதாசிவம். மைக் கையில் இருந்தால் மட்டுமே அவருக்கு மூச்சு ஒழுங்காக வரும். நல்லம்மாளைப் பார்த்ததும், "அக்கா, சாப்பாட்டுக்கு முன்ன ரெண்டு வார்த்த பேசணும். கைய நல்லா தூக்கிக் காட்டுங்க, பின்னால உள்ளவங்களுக்குத் தெரியணும்" என்றார்.

நல்லம்மாள் பட்டுச்சேலையைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தாள். அப்போதுதான் முத்தம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அடுத்த தெருக்காரி, அறுபத்து மூன்று வயசு. நான்கு மாதத்துக்கு முன்னால்தான் இதே வியாதிக்கு அறுத்திருந்தார்கள். இதே ஆஸ்பத்திரி, இதே மஞ்சள் மாத்திரை.

"அக்கா, ஒங்க வீடியோவ பத்து வாட்டி பாத்தேன்" என்றாள் முத்தம்மா. "முட்டி வலி தாங்கல. நானும் இன்னியோட நிறுத்திட்டேன்லா."

"எத?"

"மாத்திரையத்தான். நீங்களும் விட்டுட்டுத்தானே கை தொறந்துச்சு? பிரமிளா சொன்னாங்க. இன்னும் அஞ்சு வருசம் யாரு முழுங்கறது? முருகன் மேல பாரத்த போட்டுட்டேன்." சொல்லிவிட்டு நல்லம்மாளின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நல்லம்மாள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். தன் உயிரை வைத்து விளையாடும்போது வராத அவசரம் அது. மேடையில் சதாசிவம், "நம்ம கண்ணு முன்னால நடந்த அதிசயம்!" என்று கூப்பிட்டுவிட்டார். கைதட்டல். எழுந்து போனாள். மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாரும் என் கையப் பாத்துட்டீங்க" என்றாள். "மடங்குது. ஏன் மடங்குதுன்னா, நான் புத்துநோய் மாத்திரைய நிறுத்திட்டேன். அந்த மாத்திரையாலதான் வெரலு பிடிச்சுது. நிறுத்துனேன், விட்டுருச்சு. அவ்வளவுதான் அதிசயம்."

தட்டிய கைகள் இறங்கின. பிரமிளாவின் கைப்பேசி மட்டும் உயர்ந்தபடியே இருந்தது.

"முருகன் எங்கிட்ட மாத்திரைய விடச் சொல்லல. நான் பால்குடம் எடுக்கிறேன்னுதான் வேண்டிக்கிட்டேன், எடுத்தேன். மாத்திரைய விட்டது நானாத்தான். பிரமிளா மாட்ட காட்டுனா, எனக்கும் சௌகரியமா இருந்துச்சு. இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. தெனம் குளிக்கிறப்போ பயந்து சாகுறேன். முத்தம்மா, எந்திரி. வீட்டுக்குப் போயி அந்த மாத்திரைய போட்டுட்டு வந்து..."

மைக் நின்றுபோனது. "டெக்னிக்கல் பிரச்சன, டெக்னிக்கல் பிரச்சன" என்று சதாசிவம் மைக் இல்லாமலே கத்தினார். "சாம்பார் ஆறுது, எல்லாரும் பந்திக்கு வாங்க!" அன்றைக்கு அந்தக் கோயிலில் மின்விசிறி ஓடியது, விளக்கு எரிந்தது, மைக்குக்கு மட்டும்தான் மின்சாரம் வரவில்லை.

"குடும்ப மானத்த ஒலிபெருக்கி வச்சு வாங்கிட்டீங்களே அண்ணி" என்றாள் பிரமிளா. அன்று சாயங்காலமே நல்லம்மாளைக் குடும்ப வாட்சாப் குழுவிலிருந்து நீக்கினாள். வீடியோவை நீக்கவில்லை. அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை தவணை இல்லாமலே ஆஸ்பத்திரிக்குப் போனாள் நல்லம்மாள். முத்தம்மாவையும் இழுத்துக்கொண்டு போனாள். எத்தனை நாள் விட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். அறுபத்தொன்பது என்றாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். வசவுக்குத் தயாராய்த் தலையைக் குனிந்திருந்தவளுக்கு அது வராததே கஷ்டமாக இருந்தது.

"வலிக்குதுன்னு முதல்லயே சொல்லியிருந்தா அப்பவே வேற மாத்திக் குடுத்திருப்பேனே" என்றார் மலாயில். "இதே வேலைய செய்ற வேற மாத்திரை இருக்கு, மக்சிக். ஒருத்தருக்குப் பிடிக்காதது இன்னொருத்தருக்குப் பிடிக்கும். நான் வலி இருக்கான்னு கேக்குறது மரியாதைக்கு இல்ல."

ஒரு வருஷமாய் அந்தக் கேள்வியை நலம் விசாரிப்பு என்றே நல்லம்மாள் நினைத்திருந்தாள். அடுத்த பக்கத்துக்குப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எலும்புச் சோதனைக்கும் ஒரு தேதி கொடுத்தார்கள். முடிவு வர இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரமும் அவள் மடித்த கறிபாப்பில் உப்பு இருந்ததா என்பதைக் கமருதீன் பெருந்தன்மையாகச் சொல்லாமல் விட்டார். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார் டாக்டர். இப்போதைக்கு என்ற சொல்லை அழுத்தியே சொன்னார். விட்ட நாட்களுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்றும் சொன்னார்.

புது மாத்திரை தொடங்கி ஆறு வாரத்தில் வலி திரும்பி வந்தது. இந்தத் தடவை விரல்களில் கொஞ்சம்தான், இடது முட்டியில் மீதியெல்லாம். நல்லம்மாளுக்கு அதில் பெரிய குறையில்லை. முட்டியால் கறிபாப் மடிக்கிற வழக்கம் பேராக் மாநிலத்தில் இன்னும் வரவில்லை. அடுத்த தவணையில் டாக்டர் கேட்பதற்கு முன்னாலேயே முட்டியைத் தூக்கி நாற்காலியில் வைத்துக் காட்டினாள்.

இப்போது தினம் சாயங்காலம் ஏழு மணிக்குக் கைப்பேசி அடிக்கும். முத்தம்மாதான். வீடியோவில்தான் வருவாள். வெறும் குரலை நம்புகிற காலம் அவளுக்குப் போய்விட்டது.

"போட்டீங்களா?"

"போட்டேன்லா."

"வாயத் தொறங்க."

"அடியே, நான் ஒனக்கு மூத்தவளா எளையவளா?" என்பாள் நல்லம்மாள்.

"நீங்க எளையவதான், நாலு வருசம். மரியாதைக்குத்தான் அக்காங்கறேன். தொறங்க. நாக்கத் தூக்குங்க. ம்… சரி. இப்ப என் வாயப் பாருங்க."

"கேமராவ பக்கத்துல கொண்டு வா, ஒன்னும் தெரியல. இருட்டா இருக்கு. லைட்டப் போடுடி!"