எங்க படுகை எலை பிளேன் ஏறின கதை

என் மூத்த மவ வயித்துல இருந்த வருஷம் அது. எங்க ஊரு குடவாசல் பக்கம், ஆனா விஷயம் நடந்தது திருச்சி பிளேன் கொட்டாயில. இப்ப எல்லாரும் ஏர்போர்ட்டுங்குறாங்க, எங்களுக்கு அன்னைக்கு அது பிளேன் கொட்டாதான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுறா. நடுவுல நான் வேற எங்கயாவது போயிட்டா, பிளேனுக்கு வாங்க அம்மாச்சின்னு இழுத்துட்டு வந்துடுறா.

அப்ப நெலத்துக்கு உச்சவரம்புன்னு சட்டம் வந்த காலம். கொடி புடிச்சு, அடி வாங்கி, எங்க தெரு ஆம்பளைங்க பாதிப் பேரு ஜெயிலப் பாத்துட்டு வந்து, கடைசியில ஆத்துப் படுகையில வீட்டுக்கு ஒரு துண்டு நெலம் பட்டா ஆச்சு. மந்திரி வந்தாரு, மைக்குல பேசினாரு, மாலை வாங்கிக்கிட்டுப் போனாரு. நெலம் எங்க ஊரு மிராசுதாரோடது. அவரு லேசுப்பட்ட ஆளில்ல. நல்ல நஞ்சையெல்லாம் கொழுந்தியா பேருல, மாடு மேய்க்கிறவன் பேருல, எப்பவோ செத்துப்போன சித்தப்பா பேருலகூட எழுதி வெச்சுட்டு, நெல்லு வெளையாத மணல் படுகைய மட்டும் உபரின்னு காட்டிட்டாரு.

ஆம்பளைங்க மொகம் செத்துப் போச்சு. என் மாமியாதான் மண்ண அள்ளிப் பாத்துட்டு, நெல்லு வராட்டி என்னடா, வாழை வரும்னு சொன்னாங்க. அவங்களப் பத்திச் சொல்லணும். ஆளு குள்ளம், வாயி நீளம். என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவே, இந்தப் புள்ளைக்கு நாத்து முடி கட்டத் தெரியுமான்னுதான் கேட்டாங்க. சமையலு தெரியுமான்னு கேக்கவே இல்ல. இன்னைக்கும் என் கொழம்பு சுமாராத்தான் இருக்கும், அதுக்கு அவங்கதான் பொறுப்பு.

சரி, வாழைக்கு வர்றேன். எலைக்குன்னே வாழை போட்டோம். பொம்பளைங்க எல்லாரும் ஆத்துலேருந்து குடம் குடமா தூக்கி ஊத்தினோம். ஒவ்வொரு எலையும் ஆளு ஒசரத்துக்கு வந்துச்சு, கிழிசல் இல்லாம, பச்சப்பசேல்னு. மொத அறுப்பு அறுத்து கும்மோணத்துக்குக் கொண்டு போனா, எலை மண்டிக்காரரு கட்டப் பிரிச்சுக்கூடப் பாக்கல. மிராசுதார் ஆள் அனுப்பிட்டாராம். லாரிக்காரனும் எங்க சரக்கத் தொட மாட்டேன்னுட்டான். எலை என்ன நெல்லா, பத்தாயத்துல போட்டு வெக்க? ரெண்டு நாள்ல மஞ்சளாப் போச்சு. அத்தனையும் மாட்டுக்குத்தான் போட்டோம்.

அந்த வாரமே மிராசுதார் மதகுகிட்ட எங்கள நிறுத்திக் கேட்டாரு. "நீங்க அறுத்த எலையில எவன் சாப்புடுவான்? பட்டாவ மடிச்சு வெச்சுட்டு அடுத்த நடவுக்கு என் வயலுக்கு வந்து சேருங்க." வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரே, இந்த ஒரு நடவுக்குப் போயிட்டு வந்துடலாம், வயித்துப் புள்ளக்காரி வேற இருக்காளேன்னாரு. மாமியா அடுப்பு ஊதிக்கிட்டே, ஒரு தடவ போனா அவ்வளவுதான், அப்பறம் என் பேரப்புள்ளயும் அங்கதான் நிக்கும்னாங்க. எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, அடுத்த அறுப்பு எலை வித்தா படுகை எங்களோடது. விக்காட்டி பழையபடி அவரு களம்தான்.

அப்பத்தான் நாகூர்க்கார பாய் ஒருத்தரு வந்தாரு. ரோட்டோரம் சைக்கிள நிறுத்திட்டு வாழையவே பாத்துக்கிட்டு நின்னாரு. மிராசுதார் அனுப்புன ஆளுன்னு நெனைச்சு மாமியா அருவாளோட போயிட்டாங்க. அவரு பதறிப்போயி, அம்மா, நான் பிளேனுக்கு சரக்கு புடிக்கிறவன்னாரு. எங்களுக்கு சிரிப்பு தாங்கல. பிளேன்ல பெரிய மனுசங்கதான் போவாங்க, சரக்கு போவுமா?

போவும்னு வெளக்கமாச் சொன்னாரு. ஒரு கம்பெனி இருக்காம், சீட்டே இல்லாத பிளேன் வெச்சிருக்கு. பட்டாளத்துலேருந்து வந்த ஒருத்தரு, சண்டை முடிஞ்சு வித்த பழைய பிளேன் ரெண்ட வாங்கி, சீட்டெல்லாம் புடுங்கிப் போட்டுட்டு ஆரம்பிச்சாராம். மொதல்ல பேப்பர் கட்டு. அப்பறம் கோழிக்குஞ்சு, பந்தயக் குதிரை, மெஷின் சாமான். ஒரு தடவ ஒரு யானைக்குட்டியக்கூட ஏத்துனாங்களாம், அது வழி பூரா சாமானக் கட்டுற வலைய தும்பிக்கையால இழுத்துக்கிட்டே போச்சாம். பாய் சொன்னது நெசமோ பொய்யோ, எனக்கு அந்த யானைக்குட்டிய ரொம்பப் புடிச்சுது. இப்பவும் கொள்ளுப்பேரனுக்கு அதத்தான் சொல்லித் தூங்க வெக்கிறேன்.

அந்தப் பிளேனு சிங்கப்பூர்லேருந்து திருச்சிக்கு மெஷின் பெட்டிங்க ஏத்திக்கிட்டு வருது, திரும்பிப் போறப்ப வெறுங்கூடாப் போவுது. பாரம் இருந்தாலும் இல்லாட்டியும் எண்ணெய்ச் செலவு ஒண்ணுதானே. போற பாரம் கெடைக்காட்டி திருச்சிப் பக்கமே வர மாட்டோம்னு கம்பெனி சொல்லிடுச்சு. அப்படி ஆனா பாய்க்கும் பொழப்பு போச்சு. அங்க நம்ம சனங்க கலியாணத்துக்கும் கோயிலுக்கும் வாழை எலைக்கு அலையுறாங்களாம். மிராசுதார் தோட்டத்துக்குத்தான் மொதல்ல போனாராம், அவரு கணக்கு வழக்கு பாக்குற காரியக்காரரு வாசல்லேயே நிக்க வெச்சு அனுப்பிட்டாராம். மாமியா அத மட்டும் ரெண்டு தடவ சொல்லச் சொல்லிக் கேட்டாங்க.

அறுப்பு நாளு வந்துச்சு. லாரி கெடைக்காதுல்ல, பாய் நாகூர்லேருந்து ஒரு மீன் வேன் கொண்டாந்தாரு. ஐயோ, அந்த நாத்தம். சாம்பலும் புளியும் போட்டு நாங்க தேய்ச்ச தேய்ப்புல பெயிண்டே வந்துடுச்சு. பூவரச மரத்துல தராசத் தொங்க விட்டு, பாய் ஒவ்வொரு கட்டா நிறுத்தாரு. பிளேன் தாங்குற பாரத்துக்குக் கச்சிதமா வந்துச்சு. எலை வாடாம பாத்துக்கிறோம்னு மாமியாவும் நாங்க கொஞ்சம் பொம்பளைங்களும் வேன்ல ஏறிக்கிட்டோம். என்னைய வரக்கூடாதுன்னாங்க. நான் அழுத அழுகையில ஏத்திக்கிட்டாங்க.

தப்பு நடந்தது இங்கதான். நாங்க நடவுக்காரிங்க. நாத்து முடி எங்கயாவது போறதுன்னா தண்ணியில முக்கி எடுத்துத்தான் அனுப்புவோம், அதுதான் பழக்கம். எலைக்கும் அதையேதான் பண்ணினோம். எங்க வாய்க்காலப் பாத்தாலும் வேனை நிறுத்தச் சொல்லிக் கட்டுங்கள முக்கி எடுத்தோம். தஞ்சாவூரு தாண்டி ஒரு கொழாயடியில ஒரு பாட்டம். பாய் முன்னாடி உக்காந்து நல்லாத் தூங்கிக்கிட்டு வந்தாரு. திருச்சி போயி எறங்கறப்ப எலையெல்லாம் அப்பத்தான் மரத்துலேருந்து வந்த மாதிரி இருந்துச்சு. எங்களுக்குப் பெருமை தாங்கல.

பிளேனு வெயில்ல நின்னுச்சு. ஒரு பக்கம் கதவு, உள்ள வலையும் கொக்கியும்தான், உக்கார ஒரு பலகைகூட இல்ல. வாலுக்கு அடியில ஒரு கம்பத்த முட்டுக் கொடுத்திருந்தாங்க. ஏன்னு மாமியா கேட்டாங்க. பின்னாடி பாரம் அதிகமாயிட்டா பிளேனு வாலு குத்தி உக்காந்துடுமாம். அட, நம்ம வண்டி மாதிரிதான், பின்பாரம் ஏறுனா மாட்டக் கழுத்தோட தூக்கிடும்ல அப்படின்னு மாமியா சொன்னதும் எங்களுக்குப் பாதி பயம் போயிடுச்சு.

பாரம் பாக்குற ஐயா ஒருத்தரு, காதுல பென்சில் சொருகிக்கிட்டு, தரையோட இருந்த பெரிய தராசுல மொதக் கட்டத் தூக்கி வெக்கச் சொன்னாரு. முள்ளு ஓடுன ஓட்டத்தப் பாத்துட்டு பாய் மொகத்தப் பாத்தாரு. பாய் எங்க மொகத்தப் பாத்தாரு. கட்டுலேருந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு. அடுத்த கட்டு, அதுக்கடுத்தது, எல்லாமே அப்படித்தான். கட்டுக்குக் கட்டு பாதிப் பாரம் தண்ணி.

அவரு கோவப்படல. "தண்ணிய ஏத்த முடியாதும்மா. எலைய மட்டும்தான் ஏத்துவேன்." தண்ணி சொட்டுனா கீழ ஓடுற கம்பியெல்லாம் கெட்டுடும், பாரம் கூடுனா மேல எழும்பாது. வெயிலு உச்சிக்கு வந்துட்டா காத்து லேசாயிடும், அப்பறம் இருக்குற பாரத்தயே தூக்காது, அதுக்குள்ள கெளம்பணும்னாரு. பாய் தலையில கையி வெச்சுக்கிட்டு பிளேன்லேருந்து எறக்கி வெச்சிருந்த மெஷின் பெட்டி மேலயே உக்காந்துட்டாரு. எனக்கு அந்த எலைக் கட்டு கண்ணுக்குத் தெரியல. மிராசுதார் வயலும், அதுல குனிஞ்சு நிக்கிற நானும்தான் தெரிஞ்சுது.

மாமியா மட்டும் கட்ட ஒரு சுத்து சுத்திப் பாத்தாங்க. "தண்ணிதானே, எடுத்துட்டாப் போச்சு. வரிசையில நில்லுங்கடி"ன்னாங்க.

நடவுக்கு நிப்போமே, அதே வரிசை. கொட்டா நெழல்ல நீளமா நின்னோம். ஒரு கட்டப் பிரிச்சு, ஒவ்வொரு எலையா ஒதறி, முந்தானையால தொடைச்சு, அடுத்த ஆளுகிட்ட தள்ளணும். கடைசி ஆளு அடுக்கிக் கட்டுவா. நடவு வரிசையில ஒருத்தி பின்தங்குனா மத்தவளுங்க பேசுற பேச்சுல மானம் போயிடும், அதே பேச்சு அங்கயும் நடந்துச்சு. வயித்துப் புள்ளக்காரின்னு எனக்கு ஒரு பெட்டியப் போட்டு உக்கார வெச்சாங்க, ஆனா பேச்சுல சலுகை இல்ல. உக்காந்துக்கிட்டே ஊருசுத்திப் பாக்குறா பாரு மகாராணின்னு மாமியாவே ஆரம்பிச்சாங்க. எலை கிழியாம தொடைக்கணும், சீக்கிரமும் தொடைக்கணும். முந்தானை நனைஞ்சா கொசுவத்த உருவிக்கிட்டோம், அதுவும் நனைஞ்சா புழிஞ்சு போட்டுக்கிட்டோம்.

மூட்டை தூக்குற ஆளுங்க மொதல்ல நின்னு வேடிக்கை பாத்துச் சிரிச்சாங்க. கொஞ்ச நேரத்துல ஒருத்தரு தலைத்துண்ட அவுத்துக்கிட்டு வரிசைக் கடைசியில வந்து நின்னாரு. மாமியா அவரு தொடைக்கிற தினுசப் பாத்துட்டு, தம்பி வீட்டுல பாத்திரம் வெளக்குன பழக்கமே இல்ல போலன்னாங்க. அவ்வளவுதான், மத்தவங்களும் சிரிச்சுக்கிட்டே வந்துட்டாங்க. பாயும் எந்திரிச்சு வந்து தோளுத் துண்டால தொடைச்சாரு. பாரம் பாக்குற ஐயா உள்ள போயி, பெட்டி மூடுற காஞ்ச சாக்கெல்லாம் கட்டாக் கொண்டாந்து எங்க முன்னாடி போட்டுட்டு, தராசுகிட்டப் போயி நின்னுக்கிட்டாரு.

கட்டு கட்டாத் தராசுல ஏறுச்சு. இப்ப முள்ளு அடக்கமா நின்னுச்சு. அவரு சொல்ற எடத்துல ஆளுங்க அடுக்குனாங்க, முன்னாடிலேருந்து பின்னாடிக்கு, வாலு குத்தாம. கடைசிக் கட்டு எங்க மாமியா கையால போச்சு. வலைய இழுத்துக் கட்டினாங்க, கதவு சாத்தினாங்க, வாலு முட்ட எடுத்தாங்க. ஒரு கட்டுகூட கீழ நிக்கல.

பிளேனு ஓடுச்சு பாருங்க, எங்க நெஞ்சு அதுக்கு முன்னாடி ஓடுச்சு. ஓடுது, ஓடுது, எழும்பவே மாட்டேங்குது. அப்பறம் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவுல ஒரு கீத்து வெளிச்சம் தெரிஞ்சுது. ஒடனே மாமியா கொலவை போட்டாங்க. நடவு முடிஞ்சா கரையேறிப் போடுவோமே, அந்தக் கொலவை. நாங்களும் அத்தனை பேரும் சேந்து போட்டோம். காவக்காரரு யாருக்கோ என்னமோ ஆயிப்போச்சுன்னு விசில் ஊதிக்கிட்டு ஓடியாந்தாரு. ஈரச் சேலையில நின்னு சிரிச்சுக்கிட்டு இருக்குற பொம்பளைங்களப் பாத்துட்டு என்ன பண்றதுன்னு தெரியாம அவரும் வானத்தப் பாத்தாரு.

எலை வாடாமப் போயிச் சேந்துச்சுன்னு பாய் ரெண்டாம் நாளு வந்து சொன்னாரு. எங்கயோ ஒரு கலியாணத்துல பந்தி பந்தியா அதுலதான் சாப்பாடு போட்டாங்களாம், ஒண்ணுகூட கிழியலயாம். வாராவாரம் வேணும்னு கம்பெனி சொல்லிடுச்சு. அந்த நடவுக்கு எங்க தெருவுலேருந்து ஒரு ஆளு மிராசுதார் வயல்ல எறங்கல. எறங்க நேரம் இல்ல, எங்களுக்கே ஆளு பத்தல.

அடுத்த தையிக்குள்ள ஒரு நாளு, மிராசுதாரோட மாட்டு வண்டி எங்க தெருவுக்குள்ள வந்துச்சு. அந்த வண்டி எங்க தெருவுக்குள்ள வந்ததே கெடையாது, ஆளு வேணும்னா தெரு முனையில நின்னு சத்தம்தான் வரும். காரியக்காரரு எறங்கி, எங்க தோட்டத்து எலையும் கொஞ்சம் இருக்கு, உங்களோடதோட சேத்து அனுப்ப முடியுமான்னு கேட்டாரு. தெருவே மாமியாவப் பாத்துச்சு. திட்டுவாங்கன்னுதான் நெனைச்சேன். "கொண்டாங்க, எடம் இருந்தா ஏத்துவோம். ஈரத்தோட மட்டும் கொண்டாராதீங்க, பிளேனுக்கு ஆகாது"ன்னாங்க, ஏதோ பொறந்ததுலேருந்து பிளேனுக்கே பாரம் ஏத்துனவங்க மாதிரி. காரியக்காரரு சரிங்கன்னு தலையாட்டுனாரு. எங்க மாமியாவுக்கு அவரு வாயிலேருந்து வந்த மொத 'ங்க' அது.

பாயும் இல்ல, மாமியாவும் இல்ல, அந்தப் பழைய பிளேனையும் இரும்புக்குப் போட்டுட்டாங்களாம். வயித்துல இருந்த மவ இப்ப பள்ளிக்கூடத்துல பெரிய டீச்சர். அன்னைக்கு அந்தக் கொட்டா நெழல்ல ஈர முந்தானையோட நிக்கிறப்பதான், நாளைக்கு யாரு வயலுக்குப் போகச் சொல்வாங்களோன்னு நெனைக்காம, நாளைக்கு நம்ம படுகையில என்ன வேலை கெடக்குன்னு என் வாழ்க்கையில மொத தடவையா நெனைச்சேன். அந்த நெனைப்பு இன்னைக்கும் விடியக்காலையில எனக்கு முன்னாடியே எந்திரிச்சு உக்காந்திருக்கு.