எர்மீனியாவின் தக்காளித் தோட்டம்

"திரைக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர்: கைபேசி மோகம் அற்றவர், கண்டிப்பானவர், மாணவருக்கு முன்மாதிரி."

மிராண்டேலாப் பள்ளியின் சுற்றறிக்கை எர்மீனியாவை இப்படித்தான் வர்ணித்தது. எழுதியவள் தலைமையாசிரியை ஒத்தீலியா. எழுதும்போதே அவளுக்குக் கை கூசியது. பிள்ளைகள் மரியாதையாக 'டோனா' என்றழைக்கும் வாயிற்காவலர் எர்மீனியா, நாள் முழுக்க வாசல் காவல் கூண்டுக்குள் உட்கார்ந்து போன் விளையாட்டில் தக்காளி பயிரிடுகிறவள். அறுவடை மும்முரத்தில் மணியடிக்கவே மறந்துபோகிறவள். ஆனால் அந்தப் பொறுப்பை ஏற்க வேறு ஆள் அகப்படவில்லை.

பள்ளியில் போன் கூடாதென்பது ஒத்தீலியா பெற்றோர் சங்கத்திடம் மன்றாடி வாங்கிய தடை. நவம்பரில் செஸ்ட்நட் கொட்டைகளைச் சுட்டுத் தின்னும் திருநாளுக்குள் பிள்ளைகள் வழிக்கு வராவிட்டால் சங்கம் அதை எடுத்துவிடும்.

முதல் நாள் காலை எர்மீனியா வாசலில் பெட்டியை நீட்டினாள். ஒரு போனும் விழவில்லை. வரிசையில் முதலில் நின்ற மாணவி மஃபால்டா தன்னுடையதை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"போடுடி மஃபால்டா. சட்டம்னா சட்டம்."

"உங்களுக்கு மட்டும் சட்டத்துக்கு லீவா, டோனா எர்மீனியா? தக்காளியெல்லாம் சௌக்கியமா?"

"நான் வேலை பாக்குறவ."

"ஆமாமா, விவசாய வேலை!"

வாசலே சிரித்தது. எர்மீனியா தன் போனை ஒருமுறை பார்த்தாள். காய்கள் பறிக்கிற பதத்தில் சிவந்திருந்தன. "பாவிங்களா, இன்னிக்கு அத்தனையும் அழுகிப்போகும்" என்றபடி பெட்டிக்குள் போட்டாள். மஃபால்டாவுடையதும் விழுந்தது. பின்னாலேயே மற்றவையும் விழுந்தன.

இடைவேளையில் எல்லோரையும்விட அதிகம் தவித்தது எர்மீனியாதான். சும்மா இருக்கத் தெரியாத கை. சாமான் அறையில் தூசி படிந்து கிடந்த மேசைக் கால்பந்தை முற்றத்துக்கு இழுத்துவந்தாள். கம்பியைச் சுழற்றி பொம்மைகளால் ஆடத் தெரியாததால் விரலால் பந்தைத் தள்ளினாள்.

"கள்ளாட்டம்! டோனா எர்மீனியா, இது கள்ளாட்டம்!"

"வாயை மூடுடி. நான் சொன்னா கோல்தான்."

நியாயம் கேட்க ஒரு கூட்டம் வந்தது. அவளைத் தோற்கடிக்க ஒரு வரிசை நின்றது. மணி அடித்தும் கலையாததால் ஒத்தீலியாவே வந்து விரட்ட வேண்டியிருந்தது. வாழ்நாளில் அவள் அவ்வளவு சந்தோஷமாக யாரையும் விரட்டியதில்லை. மறுநாளும் பெட்டி நிறைந்தது.

திருநாளுக்கு முந்தைய மாலை ஒத்தீலியா கூண்டுக்குப் போனாள்.

"எர்மீனியா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"பெட்டியைக் கொஞ்சம் முன்னாடியே திறக்கவிடுங்க, டீச்சர். செடிக்குத் தண்ணி ஊத்தணும்."

மறுநாள் சுட்ட செஸ்ட்நட்டை உரித்தபடி, தடை தொடரட்டும் என்றது சங்கம். எந்தக் கல்விமுறையைக் கையாண்டீர்கள் என்றும் விசாரித்தது. ஒத்தீலியா நடந்ததையே சொன்னாள்: உங்களுக்கு மட்டும் சட்டம் இல்லையா என்று பிள்ளைகள் கேட்டார்கள், எர்மீனியா தன் போனைப் பெட்டியில் போட்டாள்.