தொடக்கூடாத குஞ்சுகள்

லொறி லொறியாய் இடிஞ்ச கட்டிடங்களைக் கொண்டுவந்து ஏரிக்குள்ள கொட்டி ரொறன்ரோக்காரர் ஒரு நிலம் உண்டாக்கினவை. செங்கல், கொங்கிறீட், துருப்பிடிச்ச கம்பி. மரமில்லை, நிழலில்லை, சுத்தப் பாலைவனம். எழுபதுகளில அங்க கடற்காகங்கள் வந்து வெறுந்தரையில கூடு கட்டிக் குடியேறிச்சுதுகள். அதுகள் வருஷா வருஷம் எப்பிடிப் பெருகுது எண்டு ஆராயிற பேராசிரியருக்கு நான் உதவியாள்.

அவற்ர சட்டம் ஒண்டுதான்: பார், எழுது, தொடாதை. தொட்டால் வேலை போகும். வேலை போனால் படிப்புப் போகும். படிப்புப் போனால் நான் ஊருக்கு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

பறவை ஆராய்ச்சி எண்டவுடன ஊரில ஏதோ வடிவான வேலை எண்டு நினைச்சினம். வடிவாம், மண்ணாங்கட்டி. ஹெல்மெற் போடாமல் உள்ளுக்குப் போகேலாது. மேலயிருந்து வந்து மண்டையில குத்துதுகள், மூஞ்சையில பீச்சுதுகள். அதைப் பொறுக்கலாம். வழிதவறிப் பக்கத்துக் கூட்டுக்குப் போற குஞ்சை அந்த வீட்டுக்காரி கொத்திக் கொத்திச் சாக்கொல்லுவாள், அதைத்தான் பொறுக்கேலாது. சுத்திவர நிக்கிறதுகள் திரும்பியும் பாராதுகள். நானும் எழுதிப்போட்டு வந்திடுவன்.

ஒருநாள் வேலை முடிஞ்சு வரேக்க சப்வே மேடையில மூண்டு பெடியள் மறிச்சு, பாகிஸ்தான்காரரை ஏசுற மாதிரி என்னைப் 'பாக்கி' எண்டாங்கள். நான் யாழ்ப்பாணத்தான் எண்டு விளக்கம் குடுக்கிற இடமே அது? பேசாமல் விலகினன். ஒருத்தன் இடுப்பில உதைச்சான், விழுந்தன். பிறகு வெறும் சப்பாத்துக்கால்கள்தான். உடைஞ்ச பல்லு நாக்கில கிடந்தது. மேடை நிறையச் சனம். ஒருத்தர் வாசிச்சுக்கொண்டிருந்த பேப்பரை இறக்கி என்னை ஆறஅமரப் பார்த்தார். றெயில் வந்தது, ஏறிப் போயிட்டார்.

அடுத்த நாள் வீங்கின மூஞ்சையோட வேலைக்குப் போனன். பேராசிரியர் பாவப்பட்டு வீட்ட போகச் சொன்னார். எனக்கு அந்தப் பாவம் பிடிக்கேல்லை, மாட்டன் எண்டிட்டன். கொஞ்ச நேரத்தில ஒரு குஞ்சு பிழையான கூட்டுக்குள்ள போச்சுது. முதல் கொத்திலயே கண் போச்சு.

எனக்கு விசர் வந்தது. உள்ளுக்குப் பாய்ஞ்சு அந்தப் பறவையை உதைச்சுப்போட்டுக் குஞ்சைத் தூக்கினன். முழுக் கூட்டமும் எழும்பிக் கத்திச்சுது. பேராசிரியர் ஓடிவந்து, இத்தனை வருஷ வேலையையும் நாசமாக்கிப்போட்டாயே, ஏன் தொட்டனி எண்டு கேட்டார்.

"நேற்று என்னைப் பார்த்துக்கொண்டு நிண்ட ஆக்களும் தொடேல்லை," எண்டன்.

அவர் என்ர காலடியைக் காட்டினார். கீழ பார் எண்டார். என்ர சப்பாத்து ரெண்டிலயும் மஞ்சள் கரு. நான் ஓடிவந்த வழி முழுக்க முட்டையள் நொருங்கிக் கிடந்தது.

கேற்றுப் பூட்டின்ர திறப்பைக் கேட்டார், எடுத்துக் குடுத்தன். சட்டைக்குள்ள குஞ்சு துடிச்சுக்கொண்டிருந்தது. அதின்ர கூடு எதெண்டு எனக்குத் தெரியேல்லை. அதோடயே பஸ் ஏறினன்.