கிருத்திகை அன்று குடித்த தண்ணீர்

லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர் விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாயில் நல்லபடியாக இறங்க வேண்டும் என்று முருகனுக்கு நேர்ந்து, கிருத்திகை அன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். இந்த முறை கிருத்திகை ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. அன்று நானும் மகளும் சேர்ந்து கற்கும் குங்ஃபூ வகுப்பு. நான் போகாவிட்டால் மகளுக்குப் பயிற்சிக்கு ஜோடி இல்லை.

வெயிலில் உதைத்து உதைத்து நாக்கு ஒட்டிக்கொண்டது. கண் இருட்டியது. மாஸ்டர் பாட்டிலை நீட்டினார்.

"குடிங்கக்கா."

"இன்னைக்கு விரதமுங்க."

"நீங்க விழுந்தா தூக்கறதுக்கு கிரேன்தான் வரோணும்ங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. அவளுக்கும் உதடு காய்ந்திருந்தது.

"நீ குடிக்கலைன்னா நானும் குடிக்க மாட்டேம்மா."

முருகா என்று இரண்டு மடக்கு விழுங்கினேன். உடம்பு தெளிந்தது, மனம் கலங்கிவிட்டது.

வகுப்பு முடிந்ததும் அவருக்குப் போன் செய்தேன்.

"இன்னும் கிருஷ்ணகிரியிலதான் கெடக்கறேன். லோடு லேட்டு. சாயங்காலந்தான் கணவாய் எறங்கணும்," என்றார்.

குடித்ததை எப்படிச் சொல்வது? "மெதுவா போங்க," என்று மட்டும் சொன்னேன். கணவாய் தாண்டிச் சேலம் சேர்ந்துவிட்டேன் என்று அவர் போன் வரும்வரை விளக்கு முன்னாலிருந்து நான் எழவே இல்லை.