நோர்மன் அண்ணையின் ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

மானிப்பாயில் எங்கள் அடுத்த வீட்டு நோர்மன் அண்ணையைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் கண்டதில்லை. வங்கி வேலையில் ஓய்வு பெற்றதும் கார்க் கொட்டிலில் காற்றை அமுக்கித் தரும் ஒரு கொம்பிரசரை வாங்கி வைத்துக்கொண்டு, பழைய வாகனங்களுக்குப் பெயின்ற் அடிக்கத் தொடங்கினார். வேலை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு திருகாணியைக்கூடத் தொடமாட்டார். கர்த்தருடைய நாளாம். திங்கள் காலையில் நேரத்தோடு தொடங்கவென்று, சனி மாலையே மெசினின் இரும்புத் தாங்கி நிறையக் காற்றை அடைத்து வைத்துவிடுவார்; ஞாயிறு முழுக்க அது அப்படியே நிற்கும். அமுக்கிய காற்றிலுள்ள ஈரம் தாங்கியின் அடியில் தண்ணீராகத் தேங்கும், அதை ஒவ்வொரு நாளும் திறந்துவிட வேண்டும் என்று மெசினோடு வந்த புத்தகத்தில் எழுதியிருந்தது. புத்தகம் திறக்கப்படாமல் மேசை லாச்சிக்குள் கிடந்தது.

மகள் ஜெயனிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு ஆசை. அப்பாவின் பழைய ஏ-40 காரில்தான் கலியாணத்துக்குப் போக வேண்டும். அப்பாவும் வாக்குக் கொடுத்திருந்தார். கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில், ஒரு திங்கட்கிழமை, காரின் முன்மூடியான பொனற்றுக்குப் பெயின்ற் அடித்தார். மத்தியானம் பார்த்தால், கொப்புளிப்பான் அம்மை வந்து போன முகம்போல எங்கும் சின்னச் சின்னக் குழிகள்.

பெயின்றைத் திட்டினார், மழையைத் திட்டினார், பெயின்ற் விற்ற கடைக்காரனையும் விடவில்லை. ஜெயனி மெதுவாக, "பரவாயில்லை அப்பா, வாடகைக் கார் ஒண்டு பிடிப்பம்" என்றாள். மனுசன் அப்படியே அடங்கிப் போனார். எனக்கே பாவமாக இருந்தது.

அவருடைய மனைவி ஐரிஸ் அக்கா முப்பது வருடம் ஆஸ்பத்திரித் தாதி. சத்திரசிகிச்சை ஆயுதங்களை நீராவியில் அவிக்கும் மெசின் அவருடைய பொறுப்பில்தான் இருந்தது. வந்து தாங்கியைத் தட்டிப் பார்த்தார்.

"உதுக்கை தண்ணி நிக்குது. அதுதான் காத்தோடை வந்து பெயின்றிலை தெறிச்சிருக்கு. எப்ப திறந்து விட்டனீங்கள்?"

அண்ணை குனிந்து தாங்கியின் அடித் திருகில் கை வைத்தார்.

"கையை எடுங்கோ. அமுக்கம் இறங்க முதல் ஒண்டையும் திறக்கக் கூடாது. முதல்லை பிளக்கைக் கழட்டுங்கோ."

மின்சாரத்தை நிறுத்தி, பெயின்ற் அடிக்கும் துப்பாக்கி வழியாகக் காற்றை வெளியேற்றி, அமுக்கம் காட்டும் முள் நன்றாக இறங்கிய பிறகுதான் அக்கா விட்டார். அண்ணை பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, ஒரு பக்கமாக விலகியிருந்து, திருகை மெல்லத் திறந்தார். சீறிக்கொண்டு, வெறுந்தேத்தண்ணி நிறத்தில் துருவேறிய கறள் தண்ணீர் அரை வாளி வந்தது.

"உங்கடை ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சேர்ந்து நிக்குது" என்றார் அக்கா.

பொனற்றை இரண்டு நாள் தேய்த்து, குழாயில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி ஒன்றும் பூட்டி, வெயில் எறித்த வியாழக்கிழமை திரும்ப அடித்தார். ஜெயனி அந்தப் பொனற்றில் முகம் பார்த்துத் தலையைச் சரிசெய்தாள்.

அதோடு பழைய பிடிவாதம் வேறு பக்கம் திரும்பியது. மெசினை ஓடவிட்டால், தண்ணீரைத் திறக்காமல் கொட்டிலை விட்டு வெளியே வருவதில்லை.

கலியாணத்தன்று காலை கார் ரயருக்குக் காற்று அடித்தார். கலியாணப் பொம்பிளை காருக்குள் ஏறிவிட்டாள், தகப்பனைக் காணவில்லை. தேடிப் போனேன். கோட்டும் ரையுமாக, பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு தாங்கிக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறார்.

"அண்ணை, எல்லாரும் காத்துக்கொண்டு நிக்கினம்."

"முள்ளு இறங்கட்டும். இறங்க முதல் திறந்தா, உன்ரை அக்கா என்னைக் கலியாணத்துக்கு விடமாட்டா."

கலியாணப் படத்தில் மகளின் கையைப் பிடித்து நடக்கும் அண்ணையின் கண்களைச் சுற்றி அந்தக் கண்ணாடி அழுத்திய இரண்டு சிவந்த வளையங்கள், அவற்றின் மேலாகக் கண்ணீர். வளையத்தைக் கொம்பியூட்டரில் அழித்துத் தரவா என்று படக்காரர் கேட்டார்.

"அதிலை கை வைக்காதேங்கோ" என்றாள் ஜெயனி. "அதுதான் என்ரை அப்பா."