போதும் என்ற பிறகு

"...அப்படின்னா அக்கா, நீங்க போதும்னு சொன்னதும் நான் நிறுத்திடுவேன். அப்புறம் கோச்சுக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே என் முன்னால் இலையைப் போட்டாள் என் கொழுந்தனின் மனைவி. பிரான்ஸில் பிறந்து வளர்ந்தவள். அவனைக் கட்டிக்கொண்ட பிறகு தமிழ் பழகியவள். போன வருடம் தை மாதம், காரைக்காலில் எங்கள் மீன் சாப்பாட்டுக் கடையில் நடந்தது இது.

அதே மாதிரி ஒரு கடையைப் பிரான்ஸில் அவர்கள் இருக்கும் ஊரிலும் திறக்க வேண்டும் என்று கொழுந்தனுக்கு ஆசை. "இடம் பார்த்தாச்சு அண்ணி. ஆனா கடையில நிக்கப்போறது அவ. அவ சரின்னு சொன்னாத்தான்" என்றான். அதற்காகவே இருவரும் வந்திருந்தார்கள். எனக்கோ தூக்கத்தில்கூட அந்த ஊர்தான். பனி விழும் தெரு, ஒரு கண்ணாடிக் கதவு, உள்ளே நம்ம குழம்பு கொதிக்கிற வாசனை.

முந்தின நாள் மத்தியானம் நான்தான் அவளுக்குப் பரிமாறினேன். கொழுந்தன் மண்டபத்தூருக்குக் கருவாடு பார்க்கப் போயிருந்தான். ஜன்னல் வெளிச்சம் தரையில் தண்ணீர் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அவள் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். இலை காலியானால் என் கை சும்மா இருக்குமா? சோறு வைத்தேன். சாப்பிட்டாள். சுறாப்புட்டு வைத்தேன். முகம் சிவந்தது. காரம் போலிருக்கிறது என்று தயிர்சோறும் வைத்தேன்.

"பொண்ணு நல்லா சாப்பிடுது. கடை திறந்த மாதிரிதான்" என்று அடுப்படியிலிருந்து கண் சிமிட்டினார் என் வீட்டுக்காரர்.

சட்டென்று எழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள்.

கொழுந்தன் வந்ததும் தலையில் அடித்துக்கொண்டான். "அங்கெல்லாம் தட்டுல மிச்சம் வெச்சா சமையல் பிடிக்கலன்னு அர்த்தம் அண்ணி. உங்க மனசு நோகுமேன்னு தின்னிருக்கா."

"போதும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி!"

"சொன்னேன் அக்கா. ரெண்டு தடவை" என்றாள் அவள், சுவரில் சாய்ந்தபடி.

சொன்னாள்தான். முதல் ஒன்றிரண்டு போதும் வெட்கத்தில் வருவது, அதற்கெல்லாம் நாங்கள் கையை நிறுத்துவதில்லை.

"இப்படி வெச்சா எங்க ஊர்ல யாரும் மறுபடி வர மாட்டாங்க. இந்தக் கடை வேண்டாம்" என்றுவிட்டாள்.

எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. "எப்படிப் பரிமாறணும்னு நீயே காட்டும்மா, கத்துக்கறேன்" என்று கெஞ்சினேன். மறுநாள் அப்படித்தான் இலை போட்டாள்.

பாதிச் சாப்பாட்டில், பழக்கத்தில், "போதும்" என்றேன். கரண்டி அந்தரத்தில் நின்றது. அப்படியே சட்டிக்குத் திரும்பியது. இன்னும் கொஞ்சம் என்ற பேச்சே இல்லை. அவள் செய்தது சரிதான். ஆனாலும் திருவிழாக் கூட்டத்தில் யாரோ என் கையை விட்டுவிட்ட மாதிரி இருந்தது.

பிறகு அவளும் சரி என்று, இப்போது அந்த ஊரில் எங்கள் கடை நடக்கிறது. அங்கே போனால் நானும் முதல் தடவை போதும் என்றதுமே நிறுத்திவிடுகிறேன்; நிறுத்துகிற ஒவ்வொரு முறையும், நம்மிடம் யாராவது இன்னொரு தடவை கேட்க மாட்டார்களா என்று அன்றைக்கு நான் ஏங்கியது மனசுக்குள் வந்து போகும்.

அன்று நான் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, எதுவும் கேட்காமல், கரண்டியை மறுபடி சட்டிக்குள் விட்டு, என் இலைக்கு அள்ளினாள்.