பட்டாளத்து ரேடியோவும் ஆரோக்கியதாஸும்

ஆரோக்கியதாஸ் வீட்டில் சுவிட்ச் போடுகிற வேலை எல்லாம் அவர் மனைவி ரோஸ்மேரியுடையது. ஃபேன் வேண்டுமென்றால் அவர் நாற்காலியில் இருந்தபடியே "ரோசு" என்று ஒரு குரல் கொடுப்பார். அவளும் கையில் இருக்கும் கரண்டியோடு வந்து தட்டிவிட்டுப் போவாள். நாகல் நகரில் அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் இதைப் பார்த்துச் சிரித்ததுண்டு. கரண்டுக் கம்பத்தில் ஏறி இறங்கியே தலை நரைத்த மனுஷனுக்கு இப்படி ஒரு பயமா என்று. பழைய ஆட்கள் சிரிக்க மாட்டார்கள். எரியோட்டில் நடந்தது அவர்களுக்குத் தெரியும்.

எரியோட்டுக்குப் பக்கம் மழையில் அறுந்த லைனைக் கட்ட அவரும் உடன் வேலை பார்த்த மொக்கைச்சாமியும் போயிருந்தார்கள். லைனை முறைப்படி அணைத்தாகிவிட்டது. கம்பத்தில் ஏறிய ஆரோக்கியதாஸ், கம்பியில் மிச்சக் கரண்டு இருந்தால் மண்ணுக்கு இறக்கிவிடும் எர்த்தை மாட்டக் கை நீட்டினார். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்து வீடு ஒன்றில் யாரோ ஜெனரேட்டரைப் போட, அந்தக் கரண்டு தலைகீழாகத் திரும்பி லைனில் ஏறிவிட்டது. இடுப்பில் கயிறு கட்டியிருந்ததால் கீழே விழவில்லை. மொக்கைச்சாமிதான் ஏறிப் போய் அவரை இறக்கினான். இடது கையில் இரண்டு விரல் போனது. கை ஆறியதும் ஆபீஸில் உட்காரும் வேலை கொடுத்தார்கள். சில மாதம் ஃபைல் புரட்டிப் பார்த்துவிட்டு, ஓய்வு எழுதிக் கொடுத்து வீட்டுக்கு வந்துவிட்டார். மொக்கைச்சாமி ஆரம்பத்தில் அடிக்கடி வந்தான். என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியாமல் போக, வருவது குறைந்து நின்றும் போனது.

அப்படி இருந்த வீட்டுக்குத்தான் ஒருநாள் நூர் அகமது ஆட்டோவில் இரண்டு இரும்புப் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்த சிநேகிதர். பேகம்பூரில் பழைய இயந்திரச் சாமான் கடை வைத்திருக்கிறார்.

"ஏலே தாஸு, தோல் பதப்படுத்துற ஷாப்பு ஒண்ணைக் காலி பண்ணுனாங்க. கோடௌன் மூலையில இது கெடந்துச்சு. பட்டாளத்து ரேடியோவாம்லே. உடைக்க மனசு வரல."

"எனக்கு எதுக்குலே இது?"

"உனக்கு என்ன, மாடு மேய்க்கப் போகணுமா? சும்மாதான இருக்க. பாரு."

பெரிய பெட்டி ரிசீவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. பச்சைப் பெயிண்டுக்குக் கீழே துரு பூத்திருந்தது. முகப்பில் ஸ்டேஷன் மாற்ற உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திருகு. சின்னப் பெட்டி அதற்குக் கரண்டு கொடுக்கும் பவர் சப்ளை. அதைத் தூக்கும்போதுதான் கனம் தெரிந்தது. இரண்டிலும் பதனிட்ட தோலின் வாடை அடித்தது.

துடைப்பதற்குக் கரண்டு தேவையில்லை. ஆகவே ஆரோக்கியதாஸ் துடைத்தார். ரிசீவருக்குள் எலி கட்டியிருந்த கூட்டைக் குச்சியால் கிளறி எடுத்தார். கண்ணாடிக் குழாய் வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழைய பனியன் துணியில் சுற்றி வைத்தார். ரப்பர் உறை போட்ட ஒயர்கள் தொட்டால் அப்பளமாய் நொறுங்கின. அத்தனையையும் மாற்றினார். மதுரையில் பழைய ரேடியோப் பிரியர்கள் சிலர் ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தார்கள். அதில் சேர்ந்து இந்தப் பெட்டியின் சர்க்யூட் படத்தை வாங்கிக்கொண்டார். மாங்காய் வரத்து தொடங்கிய காலத்தில் உட்கார்ந்தவர், வரத்து உச்சத்துக்கு வந்தபோது ரிசீவரை முடித்திருந்தார். பவர் சப்ளை மட்டும் மூலையில் அப்படியே இருந்தது.

"அதை எப்பலே தொறப்ப?" என்று நூர் அகமது வரும்போதெல்லாம் கேட்டார்.

"பார்ப்போம், பார்ப்போம்."

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு அதைத் திறந்தார். டிரான்ஸ்ஃபார்மர் நன்றாகவே இருந்தது. நேரடியாகக் கரண்டு கொடுக்காமல், நடுவில் ஒரு குண்டு பல்பை மாட்டினார். உள்ளே எங்காவது கோளாறு இருந்தால் பல்பு முழுதாக எரிந்து காட்டிக் கொடுத்துவிடும். அவர் கதவோரம் நின்றுகொள்ள, ரோஸ்மேரி சுவிட்சைப் போட்டாள். வால்வு சூடேறியதும் பல்பு பளீரென்று எரிந்தது.

"அணை, அணை!"

கண்டென்சர்கள் செத்துப்போயிருந்தன. புதியவை வாங்கிப் போட்டார். மறுபடி சோதித்தபோது பல்பு ஒரு மினுக்கு மினுக்கிவிட்டு மங்கலாக நின்றது. கண்டென்சரில் மாட்டியிருந்த வோல்ட் மீட்டரின் முள் மெதுவாக ஏறி இருநூற்றைம்பது வோல்ட்டில் உட்கார்ந்தது. ரோஸ்மேரி கைதட்டினாள். பிறகு சுவிட்சை அணைத்து, ப்ளக்கையும் பிடுங்கினாள்.

முள் இறங்கவில்லை.

கண்டென்சரில் கரண்டு தேங்கி நிற்கும் என்பது அவர் அறியாததல்ல. ஆனாலும் அந்த முள்ளைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து முன்னறைக்குப் போய் உட்கார்ந்தவர், அன்று சரியாகச் சாப்பிடவும் இல்லை. அதன் பிறகு சில நாள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

ரோஸ்மேரி பொறுத்துப் பார்த்தாள். ஒரு மத்தியானம் வெஞ்சனத்துக்குப் புடலங்காய் அரிந்துகொண்டே கேட்டாள்.

"அது கெட்டுப்போச்சாங்க?"

"கெடல. ஆஃப் பண்ணியும் உசுரோட இருக்கு ரோசு. எரியோட்டுலயும் அப்படித்தான். ஆஃப்னுதான் நெனச்சேன்."

அவள் புடலங்காயைக் கீழே வைத்தாள்.

"கம்பத்துல எர்த்து மாட்டிட்டுத்தான் தொடணும்னு சொல்வீங்களே. இதுக்கு அப்படி எதுவும் கெடையாதா?"

ஆரோக்கியதாஸ் அவளைப் பார்த்தார். இருந்தது. சர்க்யூட் படத்திலேயே போட்டிருந்தது. கண்டென்சருக்குக் குறுக்கே ஒரு பெரிய ரெசிஸ்டர். அணைத்ததும் தேங்கிய கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வடித்துவிடுவது அதன் வேலை. இந்தப் பெட்டியில் யாரோ அதை எப்போதோ வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். படத்தில் பார்த்திருந்தும் அவர் கண் அதைத் தாண்டியே போயிருந்தது.

மறுநாள் காலையில், முள் இத்தனை நாளில் தானாகவே இறங்கியிருந்ததைப் பார்த்துக்கொண்டு, முதல் வேலையாகப் புதிய ரெசிஸ்டர் ஒன்றை ஈயம் வைத்துப் பற்றவைத்தார். ரோஸ்மேரி சுவிட்சைப் போட்டாள்; முள் ஏறியது. அணைத்தாள். ப்ளக்கைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முள் தயங்காமல் இறங்கத் தொடங்கியது. இருநூறு, நூறு, ஐம்பது என்று இறங்கிச் சுழியத்தில் படுத்தது. கண்டென்சரின் முனையைப் பிடி போட்ட கம்பியால் தொட்டுப் பார்த்தார். ஒரு பொறிகூட இல்லை. அப்புறம் இடது கையில் மிச்சமிருந்த விரல்களில் ஒன்றை நீட்டி அந்த முனையைத் தொட்டார். குளிர்ந்த தகரம், அவ்வளவுதான். விரலை எடுக்காமல் வைத்திருந்தார். ரோஸ்மேரி அதற்குப் பிறகுதான் ப்ளக்கை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

அன்றைக்கே ரிசீவரை மாட்டினார்கள். முதலில் ஒரு உறுமல், பிறகு இரைச்சலுக்கு நடுவே திருச்சி வானொலி மெலிதாகக் கேட்டது. நூர் அகமதுக்குப் போன் போனது. அவர் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இம்புட்டுப் பெரிய பெட்டி இம்புட்டுதான் பேசுமா?" என்றார்.

"ஏரியல் இல்லலே. மாடியில நீளமா கம்பி கட்டணும்."

"யாரு கட்டுறது?"

ஆரோக்கியதாஸ் போனை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு மொக்கைச்சாமியைக் கூப்பிட்டார். நத்தத்தில் இருந்த மொக்கைச்சாமி காரணம்கூடக் கேட்கவில்லை. "வாரேண்ணே" என்றான். அடுத்த லீவு நாளில் ஒரு பை மாம்பழத்தோடு வந்து நின்றான். நரைத்திருந்தான்.

"நீங்க மேல வர வேணாம்ணே. நான் பார்த்துக்கிறேன்."

"மாடிதானடா. வாரேன்."

மாடியில் நின்று, தெருவில் லைன் போகும் பக்கத்தைக் காட்டினார். "அந்தப் பக்கம் கட்டாத. கம்பி அறுந்து விழுந்தாக்கூட லைன் மேல விழக்கூடாது." மொக்கைச்சாமி தண்ணீர்த் தொட்டியிலிருந்து பின் வீட்டு வேப்பமரம் வரைக்கும் கம்பியை இழுத்தான். அவர் கீழ்முனையைப் பிடித்துக்கொண்டார். "இழு", "விடு", "போதும்" என்பதற்கு மேல் இருவரும் பேசவில்லை. பல வருடம் இப்படித்தான் வேலை பார்த்திருந்தார்கள். கம்பி விறைத்து நின்றதும், மொக்கைச்சாமி ஏணியில் இருந்தபடியே அவர் இடது கையைப் பார்த்தான்.

"குளிருக்கு வலிக்குதாண்ணே?"

"மார்கழியில கொஞ்சம். மத்தபடி ஒண்ணுமில்ல."

மொக்கைச்சாமி தலையாட்டிவிட்டு இறங்கினான்.

சாயந்திரம் நூர் அகமதும் வந்து சேர, நால்வரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஏரியலை மாட்டியதும் உறுமல் அமுங்கி, திருச்சி பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல் வந்தது. திருகைத் திருப்பத் திருப்ப ஒன்று மாற்றி ஒன்றாகக் குரல்கள். சிங்களப் பாட்டு ஒன்று. அப்புறம் வேகமாகச் செய்தி வாசிக்கும் ஒருவர்.

"நூரண்ணே, இது அரபியா?" என்று கேட்டாள் ரோஸ்மேரி.

"இல்லம்மா. அரபி கேட்டா எனக்குத் தெரியும். அர்த்தந்தான் தெரியாது."

ரோஸ்மேரி சிரித்துக்கொண்டே மாம்பழம் நறுக்க எழுந்தாள். பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்றார் நூர் அகமது. கடையில் வைத்தால் யாராவது எடைக்குக் கேட்பார்களாம். நத்தம் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்த மொக்கைச்சாமி, புதிதாக ஒரு பெண் குரல் பாடத் தொடங்கியதும் மறுபடி உட்கார்ந்தான்.

"கொஞ்சம் எடப்பக்கம் திருப்புங்கண்ணே," என்றான். "அந்தம்மா தெளிவா வரும்."